தும்புத்தூள் குவியலில் கங்கு தேட தெர்மல் கேமரா: 30,000 ரூபாய்க்குள் உருப்படியாக ஏதாவது கிடைக்குமா?

ஈத்தாமொழி வயர்மேன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஈத்தாமொழிப் பக்கம் வயரிங் வேலை பார்க்கிறவன். வீட்டு வேலையைவிடத் தும்பு ஆலை வேலைதான் எனக்கு அதிகம். மோட்டார், ஸ்டார்ட்டர், பேனல் போர்டு என்று ஆலையில் கரண்ட் ஓடும் இடமெல்லாம் நம்ம கைதான். தெர்மல் கேமரா, அதாவது சூட்டைப் படமாகக் காட்டும் கேமரா, பற்றி யூடியூபில் பார்த்ததைத் தவிர வேறொன்றும் தெரியாது. கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாசி மாதம் பக்கத்து ஆலை ஒன்றில் தூள் குவியல் தீப்பிடித்தது. கதம்பை (தேங்காய் மட்டை) அடித்துத் தும்பை எடுத்தபின் மிஞ்சும் தூளை முற்றத்தில் ஆள் உயரத்துக்கு மேல் கொட்டி வைத்திருப்பார்கள், இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தீயணைப்பு வண்டி வந்தது. ஆட்கள் குறை சொல்ல முடியாதபடி வேலை செய்தார்கள். குவியல் முழுக்கக் கரிச்சேறாகும் வரை தண்ணீர் அடித்துவிட்டுத்தான் போனார்கள். மறுநாள் காற்று கிளம்பியதும் குவியலின் பின்பக்கம், மதிலை ஒட்டி, ஒரு பொட்டுப் புகை. மண்வெட்டியால் வெட்டினால் மேலே ஒரு முழம் ஈரத்தூள், அதற்குள்ளே செக்கச்செவேல் என்று கங்கு. அப்புறம் ஜேசிபி வரவழைத்து, குவியலைப் பரத்திப் பரத்தித் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று யாருக்கும் தெரியாததால் மொத்தக் குவியலையும் கிளற வேண்டியதாயிற்று. ஜேசிபி வாடகை, தண்ணீர் லாரி, இரண்டு நாள் ஆலை ஓடாதது எல்லாம் தனிக் கணக்கு.

இப்போது நாலைந்து ஆலைக்காரர்களும் எங்கள் ஊர் வாசகசாலைப் பையன்களும் சேர்ந்து பணம் போட்டு ஒரு தெர்மல் கேமரா வாங்கி ஊரில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். 30,000 வரை சேரும். தீயணைப்புக்கென்றே செய்த கேமராவுக்கு ஒரு டீலரிடம் கொட்டேஷன் கேட்டோம். லட்சக்கணக்கில் வந்தது. அதைப் படித்த வாசகசாலைச் செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

இன்னொரு பக்கம், இன்ஜினியரிங் படிக்கும் பையன் ஒருத்தன் சில ஆயிரம் ரூபாயில் சென்சார் வாங்கித் தானே ஒன்று செய்து காட்டினான். தீப்பெட்டி அளவு திரை. என் கையைக் காட்டினால் மஞ்சளாக ஒரு திட்டு தெரிகிறது, விரல் எது என்று தெரியவில்லை. ஆனால் டீ கிளாஸை நகர்த்தினால் திட்டும் கூடவே நகர்கிறது. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இந்த இரண்டுக்கும் நடுவில் போனில் சொருகுகிற மாதிரி 20,000, 25,000 ரூபாயில் சிலது ஆன்லைனில் கிடக்கிறது. எதை வாங்கலாம்? தூளுக்கு உள்ளே இருக்கும் கங்கு வெளியே இருந்து பார்த்தால் தெரியுமா? புகை நிறைந்த வீட்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் இதை வைத்துத் தேடலாமா? கேமரா வருஷம் முழுக்க அலமாரியில் தூங்கக் கூடாது என்பதால் லூஸ் ஜாயின்ட் பார்க்க நானும் எடுத்துப்போகலாம் என்று நினைக்கிறேன். அதற்கும் ஆகுமா?

---

ஓய்வுபெற்ற 101 எழுதியது:

தம்பி, புகை வீட்டைப் பற்றிக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். 25,000 ரூபாய் கேமராவைக் கையில் கொடுத்து யாரையும் புகைக்குள் அனுப்பாதீர்கள்.

சர்வீஸில் இருந்தபோது புகை நிறைந்த அறைக்குள் எப்படிப் போவோம் தெரியுமா? தரையோடு தரையாகத் தவழ்ந்து, ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு. வலது கையை வைத்து உள்ளே போனால் அந்தச் சுவரை விடாமலே சுற்றித் திரும்ப வேண்டும். விட்டால் வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாது. 1999 டிசம்பர் 3ஆம் தேதி அமெரிக்காவில் வோர்செஸ்டர் என்ற ஊரில் மூடிக்கிடந்த குளிர்பதனக் கிடங்கு ஒன்று எரிந்தது. உள்ளே வீடில்லாதவர்கள் யாராவது இருப்பார்கள் என்று தேடப்போன இரண்டு பேர் புகையில் வழி தவறினார்கள். அவர்களைத் தேடிப் போன நான்கு பேரும் திரும்பவில்லை. ஆறு பேரும் தீயணைப்பு வீரர்கள். அந்தச் சம்பவத்துக்கு அப்புறம்தான் அங்கே ஒவ்வொரு வண்டிக்கும் தெர்மல் கேமரா வேண்டும் என்ற குரல் பலமாக எழுந்தது.

புகையில் இது ஏன் வேலை செய்கிறது என்றால், புகைத்துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் சிறியது. நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அது சிதறடித்துவிடும். தெர்மல் கேமரா பார்ப்பது 8 முதல் 14 மைக்ரான் அலைநீளம். அது அந்தத் துகள்களுக்கு நடுவே அதிகம் சிதறாமல் வந்துவிடும். நீராவி அப்படியில்லை. தண்ணீர் அடித்து ஆவி கிளம்பிவிட்டால் படம் மங்கும்.

சரி, பார்க்க முடிகிறதே, அப்புறம் விலை குறைந்ததை ஏன் வேண்டாம் என்கிறேன்? தீயணைப்புக் கேமராவுக்கு அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கம் என்எஃப்பிஏ 1801 என்று ஒரு தரநிலை வைத்தது. 260 டிகிரி செல்சியஸ் சூட்டில் 5 நிமிடம் வைத்தாலும் படம் காட்ட வேண்டும். கீழே விழுந்தாலும் தண்ணீரில் நனைந்தாலும் தாங்க வேண்டும், தடிமனான கையுறையோடு ஒரே பொத்தானில் இயங்க வேண்டும். நீங்கள் சொல்லும் போன் கேமராவில் முதலில் போன் மயங்கும். வெயிலில் காரின் டேஷ்போர்டில் வைத்தாலே ‘போன் சூடாகிவிட்டது’ என்று அணைகிற சாமான் அது. இன்னொன்று, சின்னக் கேமராக்களில் அடிக்கடி ‘டிக்’ என்று ஒரு ஷட்டர் விழும். சென்சார் தன்னையே சரிபார்த்துக்கொள்ள அது வேண்டும். அந்தக் கணம் படம் அப்படியே நின்றுவிடும். வெளியில் நின்று பார்க்கிறவனுக்கு அது ஒன்றுமில்லை. உள்ளே படிக்கட்டில் கால் வைக்கப்போகிறவனுக்கு அப்படியில்லை.

எல்லாக் கேமராவுக்கும் பொதுவான ஒரு ஏமாற்றும் உண்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியாது. ஜன்னல் கண்ணாடியில் காட்டினால் கண்ணாடியின் சூடும், அதில் பிரதிபலிக்கும் உங்கள் சூடும்தான் தெரியும். சினிமாவில் காட்டுகிற மாதிரி சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளும் தெரிய மாட்டார்.

இனி உங்கள் தூளுக்கு வருகிறேன். இங்கேதான் விலை குறைந்த கேமரா சம்பாதித்துக் கொடுக்கும். தீ அணைந்தபின் மிச்சம் தேடுகிற வேலையில் ஆபத்து குறைவு, நேரம் உண்டு, வெளியில் நின்று பார்க்கலாம். ஆனால் கேமரா மேல்தோலின் சூட்டை மட்டும்தான் காட்டும். தும்புத்தூள் சூட்டைக் கடத்தாத சாமான். அரை மீட்டர் ஆழத்தில் 500 டிகிரிக்கு மேல் கங்கு கிடந்தாலும் மேலே சில டிகிரிதான் கூடும், சில சமயம் அதுவும் கூடாது. அதனால் சில பழக்கங்கள் வேண்டும்.

பார்க்கும் நேரம் விடியற்காலை. பகல் வெயிலில் குவியல் முழுக்கச் சுட்டுக் கிடக்கும், எல்லா இடமும் ஒரே நிறம். ராத்திரி முழுக்க ஆறிய பிறகு உள்ளே கங்கு இருக்கும் இடம் மட்டும் ஆறாமல் நிற்கும். தண்ணீர் அடித்த கையோடு பார்க்காதீர்கள், மேலே குளிர்ந்து எல்லாம் சுத்தம் என்று காட்டும். ஒரு மணி நேரமாவது விட்டுப் பாருங்கள். குவியலின் உச்சியையும் வெடிப்புகளையும் முதலில் பாருங்கள், உள்சூடு அந்த வழியாகத்தான் மேலே வரும்.

அப்புறம் கம்பி. கட்டட வேலையில் மிஞ்சிய 8 எம்எம் கம்பி, துருப்பிடித்ததாக இருந்தால் ரொம்ப நல்லது, ஆள் நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். குவியலில் ஒரு மீட்டருக்கு ஒன்றாகக் குத்தி வைத்து, பத்து நிமிடம் கழித்து ஒவ்வொன்றாக உருவி, உருவிய கையோடு கேமராவில் காட்டுங்கள். கம்பியின் எந்தப் பகுதி வெளுத்துத் தெரிகிறதோ அத்தனை ஆழத்தில் கங்கு. துரு ஏன் என்றால், பளபளக்கும் இரும்பு தன் சூட்டைக் கேமராவுக்குச் சரியாகக் காட்டாது, துருப்பிடித்தது காட்டும். உருவும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கேமரா இல்லாத காலத்தில் இந்தக் கம்பியைப் புறங்கையால் தடவித்தான் பார்ப்போம்.

இன்னும் ஒன்று. வெந்து உள்ளே குழியான குவியல்மேல் யாரும் ஏறக்கூடாது. மேல்தோல் உறுதியாக இருக்கிற மாதிரி தெரியும், கால் வைத்தால் இடுப்புவரை போகும்.

---

பார்வதிபுரம் சோல்டரிங் எழுதியது:

அண்ணாச்சி சொன்ன கம்பி யோசனைக்கு ஒரு கும்பிடு. நான் எலக்ட்ரானிக்ஸ் பக்கத்தைச் சொல்கிறேன்.

அந்தப் பையன் செய்தது அநேகமாக எம்எல்எக்ஸ் 90640 சென்சாராக இருக்கும். 32க்கு 24 புள்ளி (பிக்சல்), மொத்தம் 768. ஈஎஸ்பி32 என்ற சின்னக் கணினி போர்டில் நாலு வயர் இணைத்தால் படம் வந்துவிடும், நானும் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் செய்துகொடுத்திருக்கிறேன். இன்னும் மலிவாக 8க்கு 8 புள்ளி உள்ளதும் இருக்கிறது. அதில் ஆள் வந்தாரா போனாரா என்று மட்டும் சொல்லலாம்.

புள்ளிக் கணக்கு போட்டுப் பார்த்தால் எது எதற்கு ஆகும் என்று தெரிந்துவிடும். எம்எல்எக்ஸில் 55 டிகிரி பார்வைக் கோணம் உள்ள வகையை எடுத்தால், 5 மீட்டர் தூரத்தில் ஒரு புள்ளி ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் சதுரத்தைப் பார்க்கும். அதற்குள் 5 சென்டிமீட்டர் வெடிப்பு ஒன்று கொதித்தாலும், சுற்றியிருக்கும் குளிர்ந்த தூளோடு கலந்து சராசரியாகத்தான் வரும். 100 டிகிரி வெடிப்பு 40 டிகிரியாகக்கூடத் தெரியாது. போனில் சொருகும் 256க்கு 192 வகையில், சுமார் 56 டிகிரி பார்வைக் கோணத்துக்கு, அதே 5 மீட்டரில் ஒரு புள்ளி 2 சென்டிமீட்டர்தான். மூன்றுக்கு மூன்று புள்ளியாவது ஒரு பொருள்மேல் விழுந்தால்தான் காட்டும் டிகிரியை நம்பலாம் என்பது கைவழக்கம். அந்த வெடிப்பின்மேல் இரண்டரைப் புள்ளி விழும். ஆக வெடிப்பு தெரியும், டிகிரி மட்டும் கொஞ்சம் குறைவாகக் காட்டலாம்.

அதனால் 32க்கு 24 வீண் என்று சொல்ல மாட்டேன். அதை நகர்த்திக்கொண்டு திரிவதற்குப் பதில் ஒரே இடத்தில் பொருத்திவிடுங்கள். ஆலையில் பேனல் போர்டுக்கு எதிரே அரை மீட்டரில் ஒன்று, ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டு, சூடு ஒரு அளவைத் தாண்டினால் போனுக்கு மெசேஜ் அனுப்பும்படி செய்யலாம். காவல்காரர் தூங்கினாலும் அது தூங்காது. பையனிடம் சொல்லுங்கள், அவன் புராஜெக்டும் முடியும்.

விலை ஏன் இவ்வளவு என்று பலரும் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மைக்ரோபோலோமீட்டர் என்று சொல்கிற சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் வனேடியம் ஆக்சைடு பூசிய ஒரு மெல்லிய தகடு. மெலிந்த இரண்டு காலில் அந்தரத்தில் நிற்கும். சூடு பட்டால் அதன் மின்தடை மாறும். காற்று பட்டால் சூடு ஓடிவிடும் என்பதால் மொத்தத்தையும் வெற்றிடத்தில் அடைக்க வேண்டும். அமெரிக்காவில் ஹனிவெல் நிறுவனம் ராணுவப் பணத்தில் 1980களில் இதை உருவாக்கியது. 1992இல்தான் ரகசியம் விலக்கப்பட்டது. அதற்கு முன்னால் நல்ல தெர்மல் கேமரா என்றால் சென்சாரைக் கடுங்குளிரில் வைக்க ஒரு குளிர்விப்பானும் கூடவே வேண்டும். லென்ஸ் இன்னொரு செலவு. சாதாரணக் கண்ணாடி இந்த அலையை விடாது, பெரும்பாலும் ஜெர்மானியத்தைக் கடைந்துதான் லென்ஸ் செய்கிறார்கள். அது அபூர்வமான தனிமம், உற்பத்தியில் பெரும்பங்கு சீனாவில்.

விலை இறங்கியது போன் சந்தையால்தான். 2014இல் ஃபிளிர், சீக் என்ற இரண்டு கம்பெனிகளும் போனில் மாட்டும் கேமரா கொண்டுவந்தார்கள். திரை, பேட்டரி, பிராசஸர் எல்லாம் வாங்குகிறவரின் போனிலேயே இருப்பதால் அந்தச் செலவு மிச்சம். சென்சாரையும் தனித்தனியாக வெட்டும் முன், வேஃபர் என்ற சிலிக்கன் தட்டிலேயே வெற்றிடமாக அடைக்கப் பழகிவிட்டார்கள். அப்புறம் சீனக் கம்பெனிகள் 256க்கு 192ஐ மலிவாக இறக்கின. வாங்கும்போது சிலதில் 9 ஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். தரம் குறைவு என்று நினைக்க வேண்டாம். நொடிக்கு 9 படத்துக்கு மேல் காட்டுகிறவை அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் மாட்டும், அதனால் வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்கள். குவியல் எங்கும் ஓடிப்போகாது, உங்களுக்கு 9 தாராளம்.

பெட்டியில் ‘சூப்பர் ரெசல்யூஷன்’ என்று பெரிதாக ஒரு எண் போட்டிருந்தால் அதை விட்டுவிட்டு சென்சாரின் உண்மையான புள்ளிக் கணக்கைக் கேளுங்கள். உயர் வெப்ப அளவு எதுவரை என்றும் கேளுங்கள். சிலது 120 டிகிரியோடு நின்றுவிடும். கங்கு தேட 400 வரையாவது போக வேண்டும்.

---

ஈத்தாமொழி வயர்மேன் எழுதியது:

அண்ணாச்சி, கம்பி யோசனையை நேற்றே ஆலைக்காரர்களிடம் சொல்லிவிட்டேன். கேமரா வருவதற்கு முன்னாலேயே கம்பி வெட்டி வைத்துவிட்டார்கள். துருவுக்கு இந்தக் கடற்காற்றில் என்ன பஞ்சம்!

ஒரு சந்தேகம். பையனின் கேமராவில் பேனலைத் திறந்து பார்த்தபோது செம்பு பஸ்பார் (கரண்ட் போகும் பட்டை) பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ச்சியாகத் தெரிந்தது. கூடவே மாட்டியிருந்த கறுப்பு கேபிளின் தோல் 50க்கு மேல் காட்டியது. இரண்டும் ஒரே போல்ட்டில் இருக்கிறதே, பஸ்பார் மட்டும் எப்படிக் குளிரும்? பளபளப்பு விஷயம்தானா?

---

ஆரல்வாய்மொழி காற்று எழுதியது:

அதே விஷயம்தான் அண்ணே. நான் முப்பந்தல் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன், தெர்மல் கேமரா எங்களுக்குத் தினசரிச் சாமான்.

பளபளக்கும் செம்பு தன் சூட்டில் பத்தில் ஒரு பங்குகூடக் கதிராக வெளியே விடாது. மிச்சம் கேமராவுக்குப் போவது சுற்றுப்புறத்தின் பிரதிபலிப்பு. நீங்கள் பார்த்தது பஸ்பாரை அல்ல, அதில் தெரிந்த சுவரை. இதைத்தான் எமிசிவிட்டி என்பார்கள். மனிதத் தோலுக்கு 0.98, கறுப்பு இன்சுலேஷன் டேப்புக்கு 0.95, மினுக்கிய செம்புக்கு 0.1க்கும் கீழே. வழி சுலபம். சப்ளையை நிறுத்திவிட்டு ஒவ்வொரு ஜாயின்ட் பக்கத்திலும் ஒரு அங்குலம் கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள். அப்புறம் லோடில் ஓட்டி, டேப்பின்மேல் பார்த்தால் சரியான சூடு வரும். டேப் அங்கேயே இருக்கட்டும், அடுத்த தடவைக்கும் ஆகும்.

டிகிரி எவ்வளவு என்று ரொம்ப மண்டையை உடைக்காதீர்கள். ஆர், ஒய், பி மூன்று ஃபேஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே லோடில் ஓடும்போது மூன்றும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று 3 டிகிரிக்குள் கூடுதல் என்றால் குறித்துவைத்துக் கவனியுங்கள். 4 முதல் 15 டிகிரி கூடுதல் என்றால் அடுத்த ஷட்டவுனில் திறந்து பார்க்க வேண்டும். 15க்கு மேல் போனால் அன்றைக்கே நிறுத்துங்கள். சோதனைக்காரர்கள் புழங்கும் அளவு இது. ஆனால் மோட்டார் சும்மா ஓடும்போது பார்த்தால் எல்லாம் நல்லபிள்ளையாகத் தெரியும். கதம்பை போட்டு, குறைந்தது 40 சதவீத லோடாவது ஏறிய பிறகு பாருங்கள்.

காற்று ஊர்க்காரன் நான் சொல்வதால் இதையும் கேளுங்கள். காற்றடிக்கும் இடத்தில் கேமரா பொய் சொல்லும். ஆடிக் காற்றில் வெளி யார்டு டிரான்ஸ்ஃபார்மர் ஜம்பரைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை என்று காட்டும். காற்று விழுந்த ராத்திரி அதே ஜாயின்ட்டைப் பார்த்தால் வயிறு கலங்கும். அதனால் வெளிக்கம்பங்களை நாங்கள் காற்று அடங்கிய நேரமாகப் பார்த்துத்தான் எடுப்போம்.

பேனல் கதவைத் திறந்துவைத்து லோடில் பார்க்கிறீர்கள் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஒரு மீட்டர் தள்ளி நின்றாலே 256க்கு 192இல் வயர் முனையிலுள்ள லக் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும். கிட்டப் போகத் தேவையே இல்லை.

---

சின்னத்துறை கடல் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இதே மாதிரி ஒன்றைப் படகில் வைத்தால் ராத்திரி கடலில் விழுந்த ஆளைத் தேட முடியுமா? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் கரையில் எத்தனை வீட்டில் ஆள் வரவில்லை என்று உங்களுக்குத் தெரியும். அதற்கப்புறம் எந்தக் கருவியைப் பார்த்தாலும் எங்களுக்கு முதலில் இந்தக் கேள்விதான் வரும்.

---

பார்வதிபுரம் சோல்டரிங் எழுதியது:

மன்னிப்பெல்லாம் எதற்கு அண்ணே, கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பதில் உங்களுக்குப் பிடிக்காது.

தண்ணீர் இந்த அலையைத் துளிகூட விடாது. நீருக்குள் ஒரு விரல்கடை கீழே இருந்தாலும் தெரியாது. மிதக்கிறவரின் தலையும் தோளும்தான் கேமராவுக்குக் கிடைக்கும். இந்தப் போன் கேமராவில் 100 மீட்டர் தூரத்தில் ஒரு புள்ளி 40 சென்டிமீட்டர். தலை ஒரு புள்ளிக்கும் சிறியது. நம் கடல் தண்ணீர் 28 டிகிரி, நனைந்த தலைமயிர் அதைவிட அதிகம் சூடாக இருக்காது. அலை ஏறி இறங்குகிறது, படகும் ஆடுகிறது. 30 மீட்டருக்குள் வந்தால் பார்க்கலாம். அந்தத் தூரத்தில் நல்ல டார்ச்சும் சத்தமும்கூட உதவும். கடலுக்கென்று குறுகிய பார்வையும் பெரிய ஜெர்மானியம் லென்ஸும் வைத்துச் செய்த கேமராக்கள் இருக்கின்றன, விலை வேறு கணக்கு. கடலோரக் காவல் படை விமானத்தில் வைப்பது அந்த ரகம். லென்ஸில் உப்புத்தண்ணீர் தெறித்துக் காய்ந்தால் படமும் போய்விடும்.

30,000 ரூபாய் கையில் இருந்தால் படகில் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், அதில் தண்ணீர் பட்டால் தானே எரியும் விளக்கு, ஒவ்வொரு படகுக்கும் இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி, இவைதான் முதலில். அந்தக் கருவியின் பொத்தானை அழுத்தினால் இருக்கும் இடம் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குப் போகும். தேடுகிறவருக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

---

சின்னத்துறை கடல் எழுதியது:

பிடிக்கவில்லைதான். ஆனால் யாரோ விற்க வந்து நாங்கள் வாங்கிய பிறகு தெரிவதைவிட இப்போதே தெரிந்தது நல்லது. விளக்கு வைத்த ஜாக்கெட் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தால் தனி மெசேஜில் சொல்லுங்கள்.

---

மார்த்தாண்டம் தேன்பெட்டி எழுதியது:

தம்பிமாரே, எல்லாரும் தீயும் கரண்டும் பேசுகிறீர்கள். நான் தேனீ வளர்க்கிறவள். என் அண்ணன் மகன் துபாயிலிருந்து வந்தபோது போனில் மாட்டுகிற கேமரா ஒன்று கொண்டுவந்தான். விடியற்காலை பனி இருக்கும்போது பெட்டிகளைக் காட்டினான். அடடா! கூட்டமாகத் தேனீ இருக்கும் பெட்டியின் முகப்பலகையில் நடுவே ஒரு வெளிச்சத் திட்டு தெரிகிறது, குட்டித் தேங்காய் அளவுக்கு. புழு வளர்க்கும் அடையை அதுகள் எப்போதும் 34, 35 டிகிரியில் வைத்திருக்கும். அந்தச் சூடுதான் பலகையைத் தாண்டி வருகிறது. ஒரு பெட்டியில் மட்டும் ஒன்றுமில்லை. திறந்து பார்த்தால் காலி, ஈ ஓடிப்போயிருக்கிறது. மூடியைத் திறந்து புகை போட்டுத் தொந்தரவு செய்யாமலே தெரிந்துகொள்ளலாம் என்பது எங்களுக்குப் பெரிய விஷயம். வெயில் ஏறினால் எல்லாப் பெட்டியும் ஒன்றுபோல ஆகிவிடும், அண்ணாச்சி சொன்ன மாதிரியே.

ஒன்று கேட்கிறேன். ரப்பர் பால் வெட்ட ராத்திரியே தோட்டத்துக்குப் போகிறார்களே, அவர்களுக்குப் பாம்பைக் காட்டுமா இது?

---

ஓய்வுபெற்ற 101 எழுதியது:

காட்டாது அக்கா. பாம்பின் உடம்பு தரையின் சூட்டோடே இருக்கும். ராத்திரி சருகுக்குள் கிடந்தால் சருகும் அதுவும் ஒரே நிறம். காட்டுப்பன்றியும் யானையும் பளிச்சென்று தெரியும். கீரிப்பாறை, பேச்சிப்பாறைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களுக்கு அது வேண்டுமானால் உதவும். பாம்புக்குக் காலில் கம்பூட், தலையில் டார்ச், வேறு வழியில்லை.

ரப்பர் என்றதும் இன்னொன்று நினைவு வருகிறது. ஷீட் உலர்த்தும் புகைப்புரை வைத்திருக்கிறவர்கள் இந்தக் கேமராவைக் கட்டாயம் ஒரு தடவை பயன்படுத்திப் பாருங்கள். உள்ளே 40 முதல் 60 டிகிரிக்குள் இருக்க வேண்டிய இடம் அது. அடுப்பிலிருந்து புகை வரும் குழாய்க்கு நேர்மேலே தொங்கும் ஷீட்டும் கூரைக் கட்டையும்தான் முதலில் கருகும். கதவைக் கொஞ்சம் திறந்து, வாசலிலேயே நின்று மேல்நோக்கிக் காட்டினால் எந்த இடத்தில் சூடு குவிகிறது என்று தெரியும். ஷீட் பற்றிக்கொண்டால் அப்புறம் வண்டி வந்துதான் அணைக்க வேண்டும், அதுவும் சீக்கிரத்தில் அணையாது.

வயர்மேன் தம்பி, வாங்கினால் உங்கள் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு நடை போய், நிலைய அலுவலரிடம் இப்படி ஒன்று ஊரில் இருக்கிறது, யார் வீட்டில் இருக்கிறது, போன் நம்பர் என்ன என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அழைப்பு வந்து வண்டி கிளம்பும்போதே உங்களையும் வரச் சொல்வார்கள்.

---

ஈத்தாமொழி வயர்மேன் எழுதியது:

நேற்று சாயங்காலம் வாசகசாலையில் கூடிப் பேசினோம். எல்லாப் பதிலையும் பிரிண்ட் எடுத்துப் படித்தோம். 256க்கு 192, 400 டிகிரிக்கு மேல் போகிற ஒன்று, ஜிஎஸ்டி பில்லோடு வாங்குவது என்று முடிவு. போனில் மாட்டுகிறதா, திரையோடு தனியாக இருப்பதா என்பதில்தான் சண்டை. தனியாக இருந்தால் 30,000ஐத் தாண்டுகிறது. போனில் மாட்டினால் யார் போன் என்ற கேள்வி வருகிறது. பையன்கள் ஆளுக்கொரு போன் வைத்திருக்கிறார்கள், ராத்திரி இரண்டு மணிக்கு எவன் போனில் சார்ஜ் இருக்கும்?

ஆலைக்காரர் ஒருத்தர் தன் பேனலில் 32க்கு 24 பொருத்தப் பையனுக்கு முன்பணமே கொடுத்துவிட்டார். புகைக்குள் கேமராவோடு யாரும் நுழையக் கூடாது என்று பெட்டிமேல் எழுதி ஒட்டப்போகிறோம். அந்த எழுத்துவேலை செயலாளர் பொறுப்பு.

பார்வதிபுரம் தம்பி, போன் விஷயத்தில் உங்கள் யோசனை என்ன?

---

பார்வதிபுரம் சோல்டரிங் எழுதியது:

போன்வகையே வாங்குங்கள் அண்ணே. திரை உடைந்த பழைய டைப்-சி ஆண்ட்ராய்டு ஒன்று யாரிடமாவது சும்மா கிடக்கும். திரையை மாற்றி, சிம் போடாமல், அந்தக் கேமராவின் ஆப் மட்டும் ஏற்றி, பெட்டியோடே வைத்துவிடுங்கள். சொருகும் முன் ஓடிஜி (வெளிக்கருவியைப் போன் ஏற்கும் வசதி) வேலை செய்கிறதா என்று ஒரு பென்டிரைவ் போட்டுப் பாருங்கள். பழைய போன் சிலதில் அதை செட்டிங்ஸில் ஒவ்வொரு தடவையும் ஆன் செய்ய வேண்டியிருக்கும். அந்த வகை போன் வேண்டாம், அவசரத்தில் கை நடுங்கும்.

கேமரா நேராக போனில் தொங்கினால் ஒரு தட்டில் அந்த முனை உடையும். ஒரு சாண் எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு, கேமராவைத் தனியாக ஒரு குச்சியில் கட்டிவிடுங்கள், குவியலின் உச்சியையும் எட்டிப் பார்க்கலாம். லென்ஸ்மேல் கண்ணாடி ஸ்க்ராட்ச் கார்டு ஒட்டலாம் என்று யாராவது கிளம்புவார்கள், விடாதீர்கள், ஒன்றும் தெரியாது. தூசிக்கு மெல்லிய பாலித்தீன் உறை போதும், படம் கொஞ்சம் மங்கலாக வரும். கேமரா வந்ததும் அதன் அளவைச் சொல்லுங்கள், மூடி ஒன்று 3டி பிரிண்ட் போட்டு வைக்கிறேன். நாகர்கோவில் வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.